மாமியும் நானும் பார்த்த இரண்டாம் பாகம்

அந்தப் படத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள். நான் சொல்வேன். கெட்டதையும் சேர்த்துத்தான் சொல்வேன், ஏனென்றால் அதன் ஓட்டை உடைசல் எல்லாம் எனக்கு மனப்பாடம். எடுத்தவன்கூட அத்தனை தரம் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் வெளியே விட்டிருக்க மாட்டான்.

முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லுகிற இங்கிலீஷ் படம் அது. அதிலும் இரண்டாம் பாகம். முதல் பாகம் ஏதோ கொஞ்சம் ஓடியிருக்கிறது. அந்தச் சூட்டோடு, கையில் காசில்லாமல், கிடைத்த நடிகர்களை வைத்து இதை எடுத்து முடித்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களை வாங்கி விற்கும் கொழும்பு நிறுவனம் ஒன்று, திரைக்குக் கீழே ஓடும் தமிழ் வசனத்தை எழுதித் தரும்படி இதை எனக்கு அனுப்பியது. இது பரீட்சை, சரிவந்தால் மாதாமாதம் வேலை தருவோம் என்றார்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் தவணை.

அந்த மூன்று கிழமையில்தான் என் தலையெழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி ஆறு வருடம் கழித்துவிட்டு ஊருக்கு வந்து, கலியாணம் முடித்து எட்டு மாதமாகியிருந்தது. மனைவிக்கு ஆறு மாதம். மாமா, அதாவது மனைவியின் வாப்பா, தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவரைப் பிடித்து எனக்கு மறுபடியும் விசா ஒழுங்கு செய்திருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிள்ளை பிறக்கும்போது நான் கட்டாரில் இருப்பேன். அங்கே என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களில் நாலு பேர் தங்கள் பிள்ளைகளை முதன்முதலில் போனில்தான் பார்த்தார்கள். போனை எல்லோருக்கும் காட்டுவார்கள், சிரிப்பார்கள், பிறகு குளியலறைக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவுவார்கள். எனக்கு அது வேண்டாம். ஆனால் வேலையில்லாத மருமகன் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டுமே.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது. வீடு மகளுக்குச் சீதனமாகிவிடும். உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நானும் அப்படித்தான் கல்முனையில், பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தேன். மாமாவுக்கு இறக்காமத்தில் வயல். யானை இறங்கும் காலமென்றால் வீட்டுப் பக்கம் வராமல் வயல்வட்டையிலேயே காவல் கிடப்பார். மனைவி ஆசிரியை, காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குப் பிறகுதான் வருவாள். ஆக, பகல் முழுக்க அந்த வளவில் நானும், எங்கள் குசினியில் சமைக்க வரும் மாமியும் மட்டும்தான்.

ஆனால் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மாமி பழைய முறைக்காரி. மருமகனுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து இருக்க மாட்டார், முகம் பார்த்துக் கதைக்க மாட்டார். மகள் வீட்டில் இருந்தால் மகளிடம் சொல்லி அனுப்புவார். இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார். “சோறு வெச்சிரிக்கி. ஆறினா கறி நல்லாரிக்காது” என்று பூனையிடம் சொன்னால் நான் எழும்பிப் போய்ச் சாப்பிட வேண்டும். எங்கள் குடும்ப விஷயம் முழுக்க அந்தப் பூனைக்குத் தெரியும்.

இன்னொன்றும் செய்வார். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் வந்து, எங்கள் வீட்டின் கடல்பக்கக் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். மருமகன் வீட்டில் சும்மா கிடக்கிறானா என்று உளவு பார்க்க அது ஒரு சாட்டு என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

வசனம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று குறிப்பதற்கு ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். என் இயர்போனில் ஒரு பக்கம் செத்துப் போயிருந்ததால் லெப்டொப்பின் சத்தத்தை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். படத்தின் நடுவில் கதாநாயகி ஒரு கதவைப் போட்டுத் தட்டி, திற, திற என்று கத்துகிறாள். அவள் கத்துவது எது, கதவு இடிபடுவது எது என்று பிரிக்க முடியாத அளவுக்குக் கேவலமான ஒலிப்பதிவு. அந்த ஒரு கத்தலை மட்டும் இரண்டு நாள் ஓட்டினேன்.

இதை மாமியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மகள் பள்ளிக்கூடம் போனதும் மருமகன் அறைக் கதவைச் சாத்துகிறான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெண் உயிர் போகிற மாதிரிக் கத்துகிறாள். அதே கத்தல், அச்சுப் பிசகாமல், இருபது தரம். பிறகு அமைதி. மதியம் கதவு திறந்து மருமகன் மட்டும் கண் சிவக்க வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவன் மாதிரிச் சோறு தின்கிறான். வேறு எந்த ஊரிலென்றாலும் கதவைத் தட்டி என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள். மாமிக்கு அந்த வழி இல்லை. மகளிடமும் சொல்ல முடியாது, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைப் பயம் காட்டக் கூடாது. மாமா வட்டையில். கடைசியில், எனக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டி, ஓதிப் பார்க்கும் லெப்பையை வரவழைத்தார்.

மகளின் சுகப்பிரசவத்துக்கு ஓத வந்திருப்பதாகத்தான் எனக்குச் சொன்னார்கள். லெப்பை ஓதினார். ஓதி முடித்து அவளுக்கு ஊதாமல் என் பக்கம் திரும்பி ஊதினார். வயதானவர், கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மூன்று நாளும் என் தேத்தண்ணியில் பன்னீர் மணந்தது. ஒரு மஞ்சள் சாயலும் இருந்தது. பாவம், மருமகன் வேலைக்குக் கண்விழிக்கிறான் என்று மாமி குங்குமப்பூ போடுகிறார் போலும் என்று நெகிழ்ந்துபோய், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நாலாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசல் படியில் லெப்பை என் தோளைப் பிடித்தார்.

“தம்பி, அந்தப் பொம்புளட சத்தம் இப்ப கொறவா?”

எந்தப் பொம்பிளை என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பீங்கானில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, அதைப் பன்னீரில் கழுவித்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பீங்கான் எழுத வேண்டி வரலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பள்ளியிலிருந்து வீட்டுச் சந்தி வரைக்கும் இருந்தது. சந்தி திரும்பும்போது அந்த மஞ்சள் தேத்தண்ணியை நான் ருசித்து உறிஞ்சியது நினைவு வந்து, நடுவீதியில் நின்று சிரித்துவிட்டேன். எதிரே வந்த மீன்காரர் சைக்கிளை மெதுவாக்கி என்னைப் பார்த்தார். ஊருக்குள் கதை அதற்குள் பரவியிருக்கும்.

மறுநாள் மனைவி போனதும் லெப்டொப்பைத் தூக்கிக் கொண்டுவந்து கூடத்து மேசையில், குசினியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அந்தக் கத்தலை ஓட்டினேன். கையில் அகப்பையோடு மாமி குசினி வாசலுக்கு வந்தார். திரையில் ஒரு வெள்ளைக்காரி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன், திரும்ப ஓட்டினேன், நிறுத்தினேன். மாமி பூனையைத் தேடினார். அன்றைக்கென்று அது வீட்டில் இல்லை.

“ஏன் கத்துது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

கதவைத் திறக்கச் சொல்லி என்றேன்.

“தொறந்தாங்களா?”

இல்லை என்றேன். மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். “பொறகு?” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் படத்தை எடுத்தவனுக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம்.

அன்றிலிருந்து கூடத்தில்தான் வேலை. மாமி முதலில் குசினி வாசலில் நின்று பார்த்தார். அடுத்த நாள் நிலையில் சாய்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள், கிழங்கு உரிக்கிற சாட்டில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேவிட்டார். அவர் என் முன்னால் இருந்தது அதுதான் முதல் தரம். நான் பார்க்காத மாதிரித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் குறைகளைக் கண்டுபிடிப்பதில் மாமி என்னை விழுங்கிவிட்டார். கொலைகாரனின் காலில் கிடந்த சப்பாத்து ஒரு காட்சியில் கறுப்பு, அடுத்த காட்சியில் மண்ணிறம் என்று நான் மூன்றாம் தரம் பார்த்தபோதுதான் கண்டேன். மாமி முதல் தரமே கண்டார். கீழ்மாடி, மேல்மாடி என்று காட்டுவது ஒரே நடைபாதைதான், சுவரிலுள்ள படத்தைத் தலைகீழாக மாட்டி ஏமாற்றுகிறார்கள் என்றார். ஓட்டிப் பார்த்தேன், உண்மை. இரத்தத்தைப் பார்த்து, அது ரோஸ் சர்பத், அதிலும் தண்ணி கூடிப்போன சர்பத் என்றார். கத்தி பிடிக்கிற விதத்தைக் கண்டு அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “இந்தப் பிடியில ஒரு சூரை மீனக்கூட வெட்ட ஏலா” என்று, கிழங்கு உரித்த கத்தியாலேயே எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினார்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியென்று சொல்ல வரவில்லை. கொலைகாரன் வயதில் மூத்தவன், அவனை மற்றவர்கள் நீங்கள் என்று கதைக்கிற மாதிரி எழுதச் சொன்னார். அவனுடைய உம்மா எங்கே, அவவிடம் போய்ச் சொன்னால் முடியாதா என்று தினமும் கேட்டார். நடந்து வருகிறவன் ஓடுகிறவர்களை எப்படிப் பிடிக்கிறான் என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

மிகப் பெரிய குறை ஒன்று இருந்தது. முதல் பாகத்தில் தப்பிப் பிழைத்த பெண்தான் இதிலும் கதாநாயகி. ஆனால் அந்த நடிகை வரவில்லைப் போலும், ஜாடையே இல்லாத வேறொருத்தியைப் போட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் பழைய படத்துத் துண்டுகளைக் காட்டும்போது ஒரு முகம், அடுத்த நிமிடம் இன்னொரு முகம். அதற்கு விளக்கமும் கிடையாது. இதைச் சொல்லி நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

“அப்பிடியொண்டு நடந்தா மொகம் மாறித்தான் போகும்” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இனி நல்லது. காசில்லாததால் அந்தப் படத்தில் நாலே நாலு கொலைதான். மிச்ச நேரத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். அதற்கு அந்தப் பெண்ணின் சாதாரண நாட்களைப் போட்டிருக்கிறார்கள். கடையில் பால் வாங்குகிறாள். உடுப்புக் காயப்போடுகிறாள். கொலைகாரன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி ஒருவரும் நம்பாமல் வீட்டுக்கு வருகிறாள். காசு இருந்திருந்தால் இதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பத்துப் பேரைக் கொன்றிருப்பார்கள். தப்பியவள் பிறகு எப்படி வாழ்கிறாள் என்று காட்டியதுதான் அந்தப் படத்தின் தரம், அது தெரியாத்தனமாக வந்த தரம் என்றாலும்.

அப்படிப்பட்ட ஒரு காட்சியில் அவள் வீட்டுக் கதவின் கொண்டியை இழுத்துப் பார்க்கிறாள். போய்க் கதிரையில் இருக்கிறாள். எழும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறாள். மூன்றாம் தரம் வரும்போது அவளுடைய தங்கச்சி பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் அவள் குரலை மூடிவிட்டது. எனக்கு அனுப்பியிருந்த இங்கிலீஷ் பிரதியிலும் அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான். வாய் அசைகிறது, எதையாவது எழுத வேண்டும். நான் ‘பயப்படாதே, எல்லாம் முடிந்துவிட்டது’ என்று எழுதி வைத்திருந்தேன்.

“இந்த இடம் இழுவை மாமி” என்றேன். “ஒரே கொண்டிய மூணு தரம். வெட்டியிருக்கலாம்.”

மாமி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“அப்பிடிச் சொன்னா அவள் நாலாம் தரமும் வருவாள்” என்றார்.

பிறகுதான் சொன்னார். கடல் வந்த அன்று, அந்தச் சுனாமிக் காலையில், மாமா இறக்காமத்தில். என் மனைவிக்கு எட்டு வயது, அவளுடைய தம்பிக்கு இரண்டு. “ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ளயோட ஓடினன், மகன். ஒரு கை வெறுங்கையாத்தான் வந்திச்சி.” சொல்லிவிட்டு அந்தக் கையைச் சேலையில் துடைத்தார். அதற்குப் பிறகு கடல்பக்கக் கதவை அவரால் விட முடியவில்லை. வந்தவர்களெல்லாம் பயப்படாதே, இனி வராது என்று சொன்னார்கள். கொண்டி பூட்டியிருக்கிறதா என்று ஒருவரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

“பூட்டித்தான் இரிக்கி, நானும் பாத்தன். அப்பிடி ஒருத்தர் சொல்லியிருந்தா நான் போய்க் கதிரையில இருந்திருப்பன்.”

அந்தப் பிள்ளையின் கதை எனக்கு முன்னமே தெரியும். மனைவி கலியாணமான புதிதில் ஒரே வசனத்தில் சொல்லி முடித்திருந்தாள். ஆனால் நாளுக்கு நாலைந்து தரம் என் கண்ணுக்கு முன்னால் இழுபட்ட கொண்டியை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை. அந்த மனுசி என்னை உளவு பார்க்கிறார் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வெட்கத்தோடு என் வசனத்தை அழித்துவிட்டு அவருடையதை எழுதினேன். எழுத்து வசனத்துக்கு அளவு உண்டு, ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். அது அப்படியே அடங்கியது.

வேலையை வியாழக்கிழமை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கொழும்பிலிருந்து பதில் இல்லை.

ஜும்ஆ முடிந்து வந்து மாமாவும் நானும் சாப்பிட இருந்தோம். மனைவி கறி போட்டாள். மாமி வழக்கம்போலக் குசினி வாசலில் நின்றார். மாமா பாஸ்போட்டை எடுத்து வைத்தாயிற்றா, அஸருக்குப் பிறகு ஏஜென்சிக்காரர் வருவார் என்றார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கறிச்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“குடுக்க வேணாம்” என்றார் மாமி.

மருமகன் இருக்கும் சபையில் மாமி குரல் கொடுத்ததை மாமாவும் கண்டதில்லை. பிசைந்த சோற்றோடு கை நின்றுவிட்டது.

“கடல் வந்த அண்டு நீங்க வட்டையில. அதுக்கு உங்களக் குத்தம் சொல்லல்ல. பொறகும் நீங்க வேலைக்குப் போகத்தான் வேணும், போனீங்க. நான் தனியக் கதவப் பாத்துக்கிட்டு இருந்தன். எண்ட மகள் அப்பிடி இரிக்க வேணாம். அவர் வீட்ட இரிக்கட்டும்.”

வீட்டில் இருந்து என்ன செய்வது என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

“வேல செய்றார். நான் கூட இருந்து பாத்தன். கஷ்டமான வேல” என்றார் மாமி.

மாமா பிசைந்த சோற்றை ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் கறி போடும்படி மகளிடம் சொன்னார். பாஸ்போட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அஸருக்குப் பிறகு வந்த ஏஜென்சிக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதில் பன்னீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

கொழும்புப் பதில் அடுத்த புதன்கிழமை வந்தது. பிழை பார்க்கும் பெண் ஒருவர் எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகளைப் பட்டியல் போட்டு நன்றாகவே வறுத்திருந்தார். கடைசியில், அந்தக் கதவுக் காட்சியின் வசனம் மூலத்தில் கேட்கவில்லை, நீங்களே எழுதியதா, எதுவாக இருந்தாலும் மாற்ற வேண்டாம் என்று ஒரு வரி. அடுத்த படத்தையும் கூடவே அனுப்பியிருந்தார். மாமியிடம் சொன்னேன். “அதிலயும் ஆக்களக் கொல்றயா?” என்று கேட்டார். இல்லை, பாட்டுப் படம் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். பிறந்த பிள்ளையின் காதில் வாப்பா சொல்லும் பாங்கை நான்தான் சொன்னேன். இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினேன். போனை எடுக்க நினைவே வரவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். போன மாதம் அதே படத்தின் மூன்றாம் பாகம் வந்து சேர்ந்தது. இரண்டாம் பாகத்தைவிட மோசம். கொலைகாரனுக்கு ஒரு தம்பி முளைத்திருக்கிறான். மாமி கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மடியில் பேத்தியைத் தூங்க வைத்துக்கொண்டு பார்த்தார். மனைவி பள்ளிக்கூடத்தில். மாமா வட்டையில். லுஹருக்கு முன்னால், நல்ல வெயில், வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது.

மாமி எழும்பப் பார்த்தார். மடியில் பிள்ளை. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையைக் கதிரையில் ஊன்றினார்.

நான் எழும்பிப் போனேன். கடல்பக்கக் கதவின் கொண்டியைப் பிடித்து, சத்தம் கேட்கிற மாதிரி நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

“பூட்டித்தான் இரிக்கி மாமி. நானும் பாத்தன்.”

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து இருந்தார்.

“பொறகு?” என்றார். நான் படத்தை ஓட்டினேன்.